ஏழரை மணி நோயாளி

"இப்ப எந்திரிக்கப் போறீங்களா இல்லையா?"

"எந்திரிக்கறது என் கையிலயா இருக்கு?"

"கையில இல்ல, கால்ல இருக்கு. ரெண்டு காலும் நல்லாத்தானே..."

"காலு நல்லாத்தான் இருக்கு, ஒப்பந்தத்துலதான்..."

"ஒப்பந்தத்தைத் தூக்கி அடுப்புல போடுங்க. சம்பந்தியம்மா என்ன..."

"நான் சொல்றதைக் கொஞ்சம் காது குடுத்து..."

"சம்பந்தியம்மா கண்ணால பாக்கணுமாம்! நீங்க ரெண்டு காலுல நிக்கறதை!"

"அவங்க மாப்பிள்ளையைப் பெத்தவங்களா, எலும்பு டாக்டரா?"

"பெத்தவங்கதான். அதான் பயப்படறாங்க. 'மூணு வருஷமா ஒரு மனுஷன் பேச்சு மூச்சில்லாம கெடக்காரு. பரம்பரையா வர்ற வியாதியா இருந்தா? நாளைக்கு உங்க பொண்ணும் என் வீட்டுல வந்து படுத்துக்கிட்டா யாரு சமைக்கறது?'ன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

"அது நாடகம்னு சொல்லு."

"சொன்னேனே. 'நாடகமா இருந்தா ஒரு நாளாவது எந்திரிச்சிருப்பாரே'ங்கறாங்க."

மனைவி சொல்லி முடித்ததும் எலக்ட்ரீஷியன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். அந்த அம்மாள் கேட்டதில் நியாயம் இருந்தது.

அவர் நோயாளியானது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு. டிவி நிலையத்தின் மூன்றாம் தளத்தில், ஏழரை மணி சீரியலுக்காக ஆஸ்பத்திரி அறை ஒன்று அட்டையில் கட்டியிருந்தார்கள். அதன் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது என்று கூப்பிட்டார்கள். இவர் ஏணியோடு போனார். அங்கே அதைவிடப் பெரிய பழுது ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று மயங்கி விழுந்துவிட்ட அப்பாவாக நடிக்க வந்தவர், "கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருக்கறதுக்கா நான் இருபது வருஷம் நடிப்புக் கத்துக்கிட்டேன்? வசனம் இல்லாத வேஷத்தை உங்க மாமனாருக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். டைரக்டருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகையால் மாமனாரும் இல்லை. அவர் அண்ணாந்து பார்த்தார். ஏணி மேல் எலக்ட்ரீஷியன் நின்றார்.

"அண்ணே, ஒரு ரெண்டு நிமிஷம் இந்தக் கட்டில்ல படுங்க. வெளிச்சம் முகத்துல எப்படி விழுதுன்னு பாத்துக்கறேன்."

"சட்டையெல்லாம் கிரீஸ் தம்பி."

"போர்வை போத்திடறோம்ணே."

படுத்தார். விடிந்ததிலிருந்து நாலு வீட்டில் ஏணி ஏறி இறங்கிய உடம்பு. மெத்தையோ நல்ல மெத்தை. அவர் கண் விழித்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் அவருடைய மார்பில் விழுந்து "அப்பா, எங்களை இப்படித் தவிக்க விட்டுட்டீங்களே" என்று அழுதுகொண்டிருந்தாள். பதறி எழுந்தால் அவளுக்கு அவமானமாக இருக்குமே என்று திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். அன்று மாலையே அது ஒளிபரப்பானது. மறுநாள் பார்வையாளர் எண்ணிக்கை இரண்டு லட்சம் ஏறியிருந்தது. இப்படிச் சாகக் கிடப்பதை இதுவரை யாரும் இவ்வளவு மனப்பூர்வமாகச் செய்ததில்லை என்று மேலிடத்தில் பேசிக்கொண்டார்கள்.

அந்த விளக்கை மட்டும் இன்றுவரை யாரும் சரி பண்ணவில்லை. உயிருக்கும் சாவுக்கும் நடுவே ஊசலாடுவதை அது காட்டுகிறதாம். எலக்ட்ரீஷியனுக்கு அதுதான் உறுத்தல். கண் மூடியிருக்கலாம், தொழில்காரன் மனசு மூடுமா? இமைக்குள்ளேயே அது அணைவதும் எரிவதும் தெரியும். ஒரு ஸ்டார்ட்டர் மாற்றினால் போதும்.

நானூற்றுப் பன்னிரண்டாம் பகுதியில் அவர் தும்மிவிட்டார். படப்பிடிப்பு நின்றது. அனுமதியில்லாமல் தும்மியதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஆனால் அதற்குள் அந்தத் தும்மல் ஒளிபரப்பாகிவிட்டது. நாடு முழுவதிலுமிருந்து தொலைபேசி அழைப்புகள். சீரியல் மருமகள் உள்ளே வரும்போது தும்மினாரே, அவள்தான் விஷம் வைத்தாள் என்று சொல்ல வந்தாரா? அல்லது விஷம் வைக்கவில்லை என்றா? ஒரே தும்மலைப் பதினோரு நாள் காட்டினார்கள். இடமிருந்து, வலமிருந்து, மேலேயிருந்து. விளக்கம் கேட்ட அதே கையெழுத்தில் பாராட்டுக் கடிதமும் வந்தது.

ஊரில் நடமாடுவதுதான் சிரமமாகிப் போனது. ஒருநாள் மளிகைக் கடை வரிசையில் நின்றார். பின்னாலிருந்த அம்மாள் அவரைப் பார்த்து, "ஐயையோ, இவரை யாரு எந்திரிக்க விட்டது?" என்று அலறினாள். நாலு பேர் சேர்ந்து அவரைக் காய்கறி வண்டியில் படுக்கவைத்து வீடு கொண்டுவந்து சேர்த்தார்கள். வழியில் ஒருத்தி தன் துண்டை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டாள். மறுநாள் நிலையத்திலிருந்து சுற்றறிக்கை: நோயாளி பொது இடங்களில் நிற்கக் கூடாது. கூடவே சக்கரம் வைத்த கட்டில் ஒன்றும் வந்து இறங்கியது.

பல்வலிக்கு அதிலேயே போனார். பல் டாக்டர் அவரைப் பார்த்ததும் கைகட்டி நின்றுவிட்டார்.

"வாயைத் திறக்கச் சொல்ல எனக்கு மனசு வரலை. நான் திறக்கச் சொல்லி, நீங்க உண்மையை ஏதாவது சொல்லிட்டீங்கன்னா? எங்க வீட்டுல என்னை உள்ள விடமாட்டாங்க சார்."

இந்த நிலையில்தான் மகள் கல்யாணம் கூடிவந்தது. மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை எதிரே மூக்குக்கண்ணாடிக் கடையில். கண்ணாடி பார்த்து, மருந்து பார்த்து, இவர்களாகவே பேசி முடித்துக்கொண்ட கல்யாணம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால் சரி. மகள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்பா, நான் கையெழுத்துப் போடறப்ப நீங்க பக்கத்துல நிக்கணும். படுத்துக்கிட்டு வராதீங்கப்பா. மூணு வருஷமா நீங்க எனக்குப் படுத்த அப்பாவாவே இருக்கீங்க."

மகள் கேட்டதைத்தான் சம்பந்தியம்மாளும் வேறு காரணத்துக்காகக் கேட்டாள். மனைவி கட்டிலைத் தள்ளிக்கொண்டு நிலையத்துக்குப் புறப்பட்டாள்.

பார்வையாளர் வளர்ச்சித் துறை ஆறாவது தளத்தில் இருந்தது. லிஃப்டில் கட்டில் நேராக நுழையவில்லை. குறுக்காகச் சாய்த்தால்தான் நுழைந்தது. எலக்ட்ரீஷியன் ஏறக்குறைய நின்றுகொண்டே மேலே போனார். லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "நான் எதையும் பாக்கலை" என்றார்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். துறைத் தலைவர், கணக்கெடுப்பு அதிகாரி, நிகழ்வுத் தடுப்பு அதிகாரி.

"வாங்கம்மா, உக்காருங்க. ஐயா படுத்தபடியே இருக்கட்டும்" என்றார் துறைத் தலைவர். "டிவி நாடகத்துக்கு இனிமே ஆள் சேருமான்னு வெளியில பேசிக்கறாங்க, கேட்டிருப்பீங்க. எல்லார் கையிலயும் போன். அரை நிமிஷத்துல ஒரு கதை தொடங்கி அரை நிமிஷத்துல முடிஞ்சுபோகுது. நாங்க யோசிச்சோம். கதை முடிஞ்சாத்தானே எந்திரிச்சுப் போவாங்க? அதனால முடிக்கறதையே விட்டுட்டோம்."

"அதுக்கப்புறம் ஆள் சேர்ந்துச்சா?"

கணக்கெடுப்பு அதிகாரி உற்சாகமாகிவிட்டார். "ஆரம்பத்துல பதினெட்டு லட்சம் பேர் பாத்தாங்கம்மா. இப்ப ஆறு லட்சம்."

"குறைஞ்சுதானே போயிருக்கு?"

"ஆளைப் பாக்காதீங்க, நேரத்தைப் பாருங்க. அப்ப அரை மணி நேரம். இப்ப ஒரு மணி நேரம். மறுநாள் மத்தியானம் அதையே இன்னொரு தடவை. ஞாயித்துக்கிழமை மொத்தத்தையும் சேர்த்து ஆறு மணி நேரம். பெருக்கிப் பாருங்க. வளர்ச்சிம்மா, வளர்ச்சி."

"அப்படிப் பாத்தா, ஒரே ஒருத்தர் நாள் பூரா வேற வேலையில்லாம உக்காந்து பாத்தாக்கூட வளர்ச்சிதானே?"

துறைத் தலைவரின் கண்கள் பளபளத்தன. "அந்த ஒருத்தரைத்தாம்மா தேடிக்கிட்டிருக்கோம்."

"சரிங்க. என் வீட்டுக்காரரு பத்து நிமிஷம் எந்திரிச்சு நிக்கணும். அதுக்கு அனுமதி குடுங்க."

நிகழ்வுத் தடுப்பு அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எந்திரிச்சு நிக்கறது நிகழ்வும்மா" என்றார் தணிந்த குரலில். "நிகழ்வுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. நான் பாத்திருக்கேன். அறுநூத்துப் பதினோராம் பகுதியில, ஒரு கடிதம் வந்துச்சு. அதை அன்னைக்கே பிரிச்சுப் படிச்சுட்டாங்க. அவ்வளவுதான். 'தெரிஞ்சுபோச்சே, இனி என்ன இருக்கு'ன்னு மூணு லட்சம் பேர் போயிட்டாங்க. வசனம் எழுதினவரை வானிலை அறிக்கைக்கு மாத்திட்டோம். அங்கயும் சொல்லித்தான் அனுப்பியிருக்கோம், நாளைக்கு மழை வரும்னு எழுதாதே, வருமான்னு எழுது, அப்பத்தான் நாளைக்கும் பாப்பாங்கன்னு."

"விரலாவது அசைக்கலாமா?"

"விரலுக்கு நாலாம் எண் விண்ணப்பம். இமைக்கு ஒன்பதாம் எண். உதடு பிரியறதுக்குப் பதினாலு, அதுல ரெண்டு டாக்டர் கையெழுத்து வேணும். நாடகத்துல டாக்டரா வர்றவங்க கையெழுத்து."

"நிக்கறதுக்கு?"

அவர் அலமாரியைத் திறந்து வெகுநேரம் தேடினார். "அது இன்னும் அச்சடிக்கலை. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

"சார்" என்றார் எலக்ட்ரீஷியன். மூவரும் திடுக்கிட்டுக் கட்டிலைப் பார்த்தார்கள். "என் பொண்ணு கல்யாணம் சார். சும்மா பக்கத்துல நிக்கறேன், ஒண்ணும் பேசமாட்டேன்."

"மெதுவா, மெதுவா! நினைவில்லாதவர் இப்படியா சத்தம் போடுவாரு?" துறைத் தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நீங்க நின்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? அப்பா எந்திரிச்சா மருமக மாட்டிக்குவா. மாட்டினா அழுவா. அழுதா மன்னிப்பாங்க. மன்னிச்சுட்டா அப்புறம் என்னய்யா இருக்கு, குடும்பத்துல? உங்க பத்து நிமிஷத்துல முந்நூறு பேர் பொழப்பு போயிடும்."

மனைவி எழுந்தாள். கட்டிலின் பிரேக்கைக் காலால் விடுவித்தாள். அப்போதுதான் துறைத் தலைவர் கேட்டார்.

"அந்தக் கல்யாணம் எவ்வளவு நேரம்மா நடக்கும்?"

"கையெழுத்துப் போடறதுதானே. அரை மணி நேரம்."

"அரை மணி நேரமா?" அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "ஒரு முழுக் கல்யாணத்தை அரை மணி நேரத்துலயா செலவழிப்பீங்க? என்னம்மா நீங்க, குடும்பம் நடத்தத் தெரிஞ்சவங்க மாதிரி இருக்கீங்க!"

அங்கேயே முடிவாயிற்று. கல்யாணம் சீரியலுக்குள் நடக்கும். நினைவில்லாத அப்பாவின் இளைய மகளுக்கு ஆதரவற்ற நிலையில் பதிவுத் திருமணம். நிஜப் பெண், நிஜ மாப்பிள்ளை, நிஜப் பதிவாளர். அப்பா கட்டிலில் வருவார். மகள் கையெழுத்துப் போட்டு முடித்த அந்த நொடியில், கண்ணைத் திறந்து, எழுந்து, நிற்பார். துறைத் தலைவர் தன் கையாலேயே எழுதித் தந்தார்: கல்யாணத்தின் கடைசி நாளில் நிற்கலாம்.

"கல்யாணம் ஒரு நாள்தானேங்க?" என்று கேட்டாள் மனைவி.

மூவரும் வேறு வேறு கோப்புகளைப் புரட்டத் தொடங்கினார்கள்.

சம்பந்தியம்மாள் உடனே சம்மதித்தாள். நிற்பதைத் தானும் பார்க்கலாம், அதைத் தான் பார்ப்பதை ஊரும் பார்க்கலாம்.

முதல் நாள் எல்லோரும் பதிவு அலுவலகத்தின் மாடிப்படி ஏறினார்கள். பதினாறு படி. ஒன்பதாவது படியில் மாப்பிள்ளை நின்று திரும்பிப் பார்த்தார், அதோடு அன்றைய பகுதி முடிந்தது. மூன்றாம் நாள் மாடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஐந்தாம் நாள் பதிவாளர் அறைக் கதவின் கைப்பிடி திரும்பியது. எட்டாம் நாள் கதவு திறந்தது. பதிவாளரும் ஏழரை மணி சீரியல் பார்ப்பவர்தான். பதிவேட்டை அவர் அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார், தூசி பறந்தது. அந்தத் தூசியை இரண்டு நாள் காட்டினார்கள்.

"இன்னுமாப்பா உனக்குக் கல்யாணம் ஆகலை?" என்று மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி போனில் கேட்டார்.

"ஆகிக்கிட்டிருக்கு சார்."

"எப்ப ஆகி முடியும்?"

"பேனா இன்னும் வெளியில வரலை சார்."

இவர்களுக்குப் பின்னால் முறை வாங்கியிருந்த ஜோடிகள் நடைக்கூடத்தில் காத்திருந்தார்கள். அவர்களை உறவினர்களாக நடிக்க எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஜோடி காத்திருந்தபோதே சண்டை போட்டுப் பிரிந்து, வேறு வேறு ஆளோடு அதே வரிசையில் வந்து நின்றது.

எலக்ட்ரீஷியன் பதிவாளரிடம் மெல்லக் கேட்டார், உதடு பிரியாமல். "ஐயா, கேமரா இல்லாத நேரத்துல சட்டுனு முடிச்சுக் குடுத்துடக் கூடாதா?"

"எப்படிங்க முடியும்? சட்டப்படி இது நடந்துக்கிட்டிருக்கற கல்யாணம். நடுவுல நிறுத்தினா விவாகரத்துக் கணக்குல வந்துடும். அதுக்குக் கீழ்த்தளத்துல வேற கவுன்ட்டர். தவிர..." பதிவாளர் தலையைச் சொறிந்தார். "நாளைக்கு என் முகத்தைக் கிட்டக்கக் காட்டறேன்னு சொல்லியிருக்காங்க."

முகம்தான் எல்லோரையும் பிடித்துக்கொண்டது. யார் எதைச் சொன்னாலும், கேட்டவர்கள் ஒவ்வொருவரும் பதில் பேசாமல், முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கேமரா தங்களிடம் வந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். டைரக்டர் "கட்" சொன்னால்தான் இமைக்கலாம். சம்பந்தியம்மாளுக்கு முதல் வாரம் கழுத்து வலித்தது. இரண்டாம் வாரம் மூன்று கோணத்திலும் இடிச் சத்தத்தோடு அவளைக் காட்டினார்கள். மூன்றாம் வாரம் அவளே டைரக்டரிடம் போய், "தம்பி, நேத்து எனக்கு ரெண்டு இடிதான் போட்டீங்க" என்று நியாயம் கேட்டாள். பரம்பரை வியாதி பற்றி இப்போது அவள் பேசுவதில்லை. "சம்பந்தி பாவம், நிதானமா எந்திரிக்கட்டும். என்ன அவசரம்?" என்பாள்.

மனைவிதான் எலக்ட்ரீஷியனைக் கவலைக்குள்ளாக்கினாள். வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று மகள் சொன்னால், உடனே பதில் வராது. முதலில் ஜன்னல் பக்கம் திரும்புவாள். பிறகு கதவுப் பக்கம். பிறகுதான் மகள். அதற்குள் அடுப்பில் இருப்பது தீய்ந்துவிடும்.

"ஏம்மா, கல்யாணம் ஒரு நாள்தானேன்னு அன்னைக்கு நீதானே கேட்டே?" என்று கேட்டார் எலக்ட்ரீஷியன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

பேனா முப்பத்தோராம் நாள் வந்தது. மூடியைத் திறக்க இரண்டு நாள். மாப்பிள்ளை தன் பெயரை நாளுக்கு ஓர் எழுத்தாக எழுதினார். அவருடைய அப்பா சின்னப் பெயராக வைத்திருந்தது நல்லதாயிற்று. பிறகு பேனா மகளிடம் வந்தது. முதல் எழுத்தைப் போட்ட அன்று பார்வையாளர் ஒன்பது லட்சம். துறைத் தலைவரே மாலையோடு, மற்ற இரண்டு அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நடைக்கூடத்தில் நின்று பேசினார்.

"ஆள் சேராதுன்னு சொன்னவங்க இப்ப எங்கே? ஒரு எழுத்துக்கு மூணு லட்சம் பேர்! இந்தப் பொண்ணு பேருல இன்னும் நாலு எழுத்து பாக்கி இருக்கு, பெரியவங்க பாத்து வச்ச பேரு. நான் இப்பவே அறிவிக்கறேன், ரெண்டாவது எழுத்துல மை தீர்ந்துபோகும். மை வாங்கப் போறதுக்கே மழைக்காலம் வந்துடும். நோயாளி நிக்கறதை அடுத்த வருஷத்துக்கு வச்சுக்கலாம். அவர் நல்லாத்தானே இருக்காரு, படுத்துத்தானே இருக்காரு."

எல்லோரும் கைதட்டினார்கள். பதிவாளரும்.

மகள் கட்டிலருகே வந்து குனிந்தாள். போர்வையைச் சரிசெய்வது போல அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அவரைக் கடையில வேற ஆள் பாத்துக்கச் சொல்லிட்டாங்கப்பா. என்னையும் திங்கக்கிழமைக்கு மேல வரவேண்டாம்னுட்டாங்க. நாங்க கல்யாணம் ஆனவங்களா ஆகாதவங்களான்னு எங்களுக்கே தெரியலை. சேர்ந்து ஒரு வாய் காபி குடிக்கப் போனாக்கூட, 'கதையில இன்னும் அந்த இடம் வரலையே'ன்னு கடைக்காரர் தனித்தனியா உக்கார வைக்கறாரு."

"நல்லாருக்கு! இதையே அப்படியே வச்சுக்கங்க!" என்றார் டைரக்டர். கேமரா வந்தது. விளக்குகள் எரிந்தன. எல்லோரும் முகங்களைத் தயார்செய்துகொண்டார்கள்.

எலக்ட்ரீஷியனின் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது.

மூன்று வருஷமாக அவர் மேல் எத்தனையோ கண்ணீர் விழுந்திருக்கிறது. மனைவியாக வந்தவள், மகளாக வந்தவள், விஷம் வைத்த மருமகள், எல்லோருமே அழுதிருக்கிறார்கள். அதெல்லாம் கிளிசரின். ஜில்லென்று விழும், காய்ந்தால் பிசுபிசுக்கும், வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும். இது சுட்டது. இது பிசுபிசுக்கவில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். போர்வையை விலக்கினார். காலைத் தரையில் ஊன்றினார். முட்டி இரண்டும் சடக்கென்று சத்தம் போட்டன. நின்றார்.

நிகழ்வுத் தடுப்பு அதிகாரி, "நிகழ்வு! நிகழ்வு!" என்று கத்திக்கொண்டே படியில் இறங்கி ஓடினார். அவர் பின்னாலேயே கணக்கெடுப்பு அதிகாரி. துறைத் தலைவர் மட்டும் நிதானம் தவறவில்லை. மாலையைக் கையில் பிடித்தபடியே விதியைச் சொன்னார்: அனுமதி இல்லாமல் ஒன்று நடந்துவிட்டால், குழு கூடி முடிவு செய்யும்வரை அது நடக்கவில்லை. நடக்காத ஒன்றுக்கு யாரும் கட் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டு அவரும் குழுவைக் கூட்டப் போனார்.

டைரக்டர் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

யாரும் அசையவில்லை. சம்பந்தியம்மாள் ஒரு கையை மார்பில் வைத்து, புருவத்தைத் தூக்கி, இடிக்காகக் காத்திருந்தாள். பதிவாளர் முத்திரைக் கட்டையை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார். மாப்பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவியின் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. நடைக்கூடத்து ஜோடிகள் அத்தனை பேரும் தலையைச் சாய்த்து, எட்டிப் பார்த்த வாக்கிலேயே உறைந்திருந்தார்கள். மகள் குனிந்தது குனிந்தபடி, காலியான கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் நிறைந்து நிறைந்து வழிந்தது.

எலக்ட்ரீஷியன் மேஜைக்குப் போனார். பதிவேட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பேனாவை எடுத்து, மையைப் பார்த்தார். நிறைய இருந்தது. மகளிடம் வந்து, பதிவேட்டை அவள் முன்னால் கட்டிலில் விரித்து, அவள் விரல்களைப் பிரித்து, பேனாவை வைத்து, மறுபடி மூடினார்.

"அம்மாடி, முழுப் பேரையும் ஒரே மூச்சுல எழுதிடும்மா, அப்பா பக்கத்துலதான் நிக்கறேன்."